இரண்டு பக்கமும் நீலம்

அத்தியாயம் 17

கலாஜினியின் வீட்டுக்கும் அவளுடைய அப்பா வேலப்போடியின் வீட்டுக்கும் இடையில் காலடிக் கணக்கில் இருபது எட்டுத் தூரம்தான். எட்டு மாதமாக அந்த இருபது எட்டை இரண்டு பேரில் ஒருவரும் நடக்கவில்லை.

தன்னாமுனையில், வாவிக்கரையோரம் ஒரே வளவு. முன்னால் கல்வீடு. கலாஜினி கல்யாணம் முடித்தபோது ஊர் வழக்கப்படி பெண்பிள்ளைக்கென்று எழுதிக் கொடுத்தது. எழுதிக் கொடுத்த கையோடு தாயும் தகப்பனும் பின்வளவில் சின்னதாய் ஒரு வீடு போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான், அதில் யாருக்கும் மனக்குறை கிடையாது.

மனக்குறை வந்தது ஒரு படத்தால்.

தாய் இலட்சுமிப்பிள்ளை செத்து ஒரு வருசத்தில் வந்த ஆட்டைத் திவசத்துக்கென்று கலாஜினி மூன்று கிழமை இருந்து வரைந்த படம் அது. வாவி, சாம்பல் நிற வானம், தூரத்தில் சின்னதாய் ஒரு நீலக் கீற்று. அவ்வளவுதான். தாயின் முகம் அதில் இல்லை. வந்திருந்த சனத்துக்கு நடுவில் நின்று வேலப்போடி கேட்டார், "இதில அவ எங்க?"

நாலு நாள் ஒழுங்காக நித்திரை கொள்ளாத கலாஜினி, "உங்களுக்கு இதெல்லாம் விளங்காதப்பா" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது அத்தனை பேருக்கும் கேட்டது. சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போன மனிதர், அதற்குப் பிறகு மகளின் வீட்டுப் படி மிதிக்கவில்லை. சோறும் கறியும் மருமகன் சிவதர்சன் கையில்தான் போய் வருகிறது. படம் ஹோல் மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது.

இந்த நிலைமையில்தான் போன கிழமை மாதர் சங்கத்தார் வந்து கேட்டார்கள். பெண்கள் பன்னிரண்டு பேருக்கு அக்ரிலிக் ஓவியப் பட்டறை ஒன்று, கலாஜினியின் வீட்டு ஹோலிலேயே. பூவும் மயிலும் பார்த்துக் கீறுகிற வகுப்பு வேண்டாம், கைக்கு வந்ததை எல்லாம் போட்டுப் பரிசோதித்துப் பார்க்கிற மாதிரி ஒன்று. சரிவந்தால் மாதம் ஒரு தடவை நடத்தலாம். பாலர் பாடசாலையில் பூனையும் மாம்பழமும் கீறிக் கீறிக் களைத்துப் போயிருந்தவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விடிந்தால் பட்டறை.

"இஞ்சருங்க, உமி எடுத்தீங்களா?" கையில் துண்டுக் கடதாசியோடு வாசலில் நின்று கேட்டாள் கலாஜினி.

சிவதர்சன் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். "ரெண்டு பேக் எடுத்தாச்சு. நெல்லு மில்லுக்காரன் கோழிக் கூட்டுக்கா எண்டு கேட்டான். படம் கீற எண்டன். மறுகா அவன் என்னோட கதைக்கல்ல."

"சீப்பு?"

"பல்லு முறிஞ்சது நாலு. சலூன்காரன் சும்மாவே தந்தான். என்னைப் பாத்த பார்வைதான் சரியில்ல."

கலாஜினி சிரித்துவிட்டாள். தடிப்பாகப் பூசிய பெயின்ற்றில் முறிந்த சீப்பை இழுத்தால் உழுத வயல்வட்டை மாதிரிக் கோடு விழும். உமியைப் பசையில் குழைத்து அப்பினால் கரடுமுரடாய் நிற்கும். வலைத் துண்டை ஈரத்தில் அழுத்தி எடுத்தால் கண் கண்ணாய்ப் பதியும். கொழும்பிலிருந்து பெயின்ற் ரியூபுகள் நேற்றே பஸ்ஸில் வந்து சேர்ந்துவிட்டன. கலக்குவதற்குத் தயிர்ச் சட்டி பன்னிரண்டு, கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஆளுக்கு ஒரு சட்டி.

"பலகை?"

சிவதர்சன் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தான். "பன்னிரண்டும் புதன்கிழமையே மர மில்லில வெட்டிக் கொண்டுவந்து மாமாட வீட்டுக்குப் பின்னால சாத்தியாச்சு."

"சரி. இண்டைக்கு அடிப்பூச்சுக்கு வெள்ளை பிரைமர் வாங்கி வந்து பின்னேரம் பூசினாக் காணும். வாங்க போவம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, வேண்டாம் என்று நினைத்தவன் போல ஓட்டோவை இழுத்து ஸ்டார்ட் பண்ணினான். பட்டியலில் கண்ணாய் இருந்த கலாஜினி அதைக் கவனிக்கவில்லை.

ஏறாவூரில் முதலில் தையற்காரி ஸஹீதாவின் வீடு. வெட்டிக் கழித்த லேஸ் துண்டுகளை ஒரு பெரிய சொப்பிங் பேக்கில் திணித்துக் கட்டி வைத்திருந்தாள். நாளை வரப்போகும் பன்னிரண்டு பேரில் அவளும் ஒருத்தி.

"டீச்சர், எனக்கு ஒரு கோடும் நேரா வராதே. வந்து மானம் போயிருமோ எண்டு பயமா இரிக்கி."

"நேரா வந்தாத்தான் நாளைக்குக் கரைச்சல், ஸஹீதா. நீங்க வாங்க."

அடுத்தது இஷாமின் ஹாட்வெயார். ஜும்மாவுக்கு முதல் கடையைப் பூட்டுகிற அவசரத்தில் இருந்தாலும், கலாஜினியைக் கண்டதும் இஷாம் மேசையை விட்டு எழும்பி வந்தார்.

"வெள்ளை பிரைமர் ஒரு டின்தான் இரிக்கி, டீச்சர். தண்ணியில கரைக்கிறதுதானே கேட்டீங்க? அதேதான்." டின்னைத் துடைத்துக் கொடுத்தவர், "உங்கட வாப்பா என்ன, இந்த வருசம் வேளைக்கே தோணிக்குப் பெயின்ற் அடிக்கிறாரா?" என்றார்.

"ஏன் கேக்கிறீங்க?"

"புதன்கிழமை பின்னேரம் வந்து நீலத்தில ரெண்டு டின் எடுத்துப் போனார். நல்லதாத் தா, நல்லதாத் தா எண்டு மூணு தரம் சொன்னார்."

தோணிக்கு அடிக்கிற நீலம். கலாஜினிக்கு அந்த நிறத்தைச் சொன்னாலே தாயின் ஞாபகம்தான் வரும். விடியற்காலையில் வாவியில் எத்தனை தோணி கரைக்கு வந்தாலும், இலட்சுமிப்பிள்ளை கரையில் நின்று அந்த நீலத்தை வைத்து, "அந்தா, அப்பா வாறார்" என்று சொல்லிவிடுவார். மகளின் கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்புப் புள்ளியாய்த் தெரிகிற தூரத்திலேயே சொல்லிவிடுவார்.

அப்பாவுக்குத் தோணி வேலை செய்ய மனம் வந்திருக்கிறதே என்று சந்தோசம்தான் வந்தது. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சாமான்களை இறக்கியபோது பதினொன்றரை. பிறஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "பலகையைத் தூக்கி வாங்க, முதல் பூச்சு இப்பவே போட்டிருவம்" என்றாள் கலாஜினி.

சிவதர்சன் நின்ற இடத்தில் நின்றான்.

"கலா, ஒரு சொல்லுச் சொல்ல வேணும். கோவிக்கக் கூடாது."

"என்ன?"

"பலகைய மாமா பெயின்ற் அடிச்சு வெச்சிரிக்கார்."

இருபது எட்டையும் அவள் ஓட்டமாய்த்தான் போனாள். அப்பாவின் வீட்டை வலப்பக்கமாய்ச் சுற்றிப் பின்னால் போனபோது, வாவியைப் பார்த்த சுவரோரம் பன்னிரண்டு பலகையும் வரிசையாய் நின்றன. முழுக்க நீலம். வெயில் பட்டுக் கண்ணாடியாய் மின்னின. அருகில் போய்த் தன் முகத்தைக்கூட அதில் பார்க்கலாம் போலிருந்தது.

ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் நீலம். ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். அங்கே இன்னும் தடிப்பு.

"நீங்க என்ன சொன்னீங்க அவரிட்ட?"

"சாத்தி வெக்கக்குள்ள என்ன இது எண்டு கேட்டார். கலாவுக்குப் பலகை, பெயின்ற் அடிக்க வேணும் எண்டன். 'அவளுக்கு எங்க நேரம்' எண்டார். அவ்வளவுதான். மறுகா பாத்தா ஏறாவூர் போய் வாங்கிக்கொண்டு வந்து அடிக்கிறார்." சிவதர்சன் குரலைத் தாழ்த்தினான். "எட்டு மாசத்துக்குப் பிறகு உன்னைப் பத்தி அவர் வாயால வந்த முதல் கதை அது. அந்த நேரத்தில, மாமா இது என்ன பெயின்ற் எண்டு கேக்க எனக்கு மனம் வரல்ல."

கலாஜினியால் அவனைக் கோபிக்க முடியவில்லை. ஒரு மஞ்சள் ரியூபை எடுத்து வந்து, ஒரு பலகையில் விரல் அகலத்துக்குப் பூசி வெயிலில் வைத்தாள். கால் மணி நேரத்தில் காய்ந்தது. நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினாள். பாலில் ஆடை எடுப்பது போல முழுக் கோடும் ஒரே துண்டாய்க் கையோடு வந்தது. பிரைமரையும் ஒரு விரல் பூசிப் பார்த்தாள். அதுவும் அதே கதைதான்.

எண்ணெய்ப் பெயின்ற்றின் பளபளப்பில் தண்ணீர்ப் பெயின்ற் நிற்காது. நாளை பன்னிரண்டு பெண்கள் காலையிலிருந்து உமியும் லேசும் வைத்து அப்பி, பின்னேரம் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினால், ஒரு கிழமையில் எல்லாம் உரிந்து நிலத்தில் கிடக்கும். அதோடு மாதாந்த வகுப்பும் போய்விடும்.

"புதுசா வெட்டிக் கொண்டுவரட்டா?" என்றான் சிவதர்சன். கேட்டுவிட்டு அவனே பதிலும் சொன்னான். "மர மில்லு பூட்டியிருப்பான். ஜும்மாவுக்குப் பூட்டினா நாளைக்குப் பத்து மணிக்குத்தான் திறப்பான்."

"தடிச்ச கடதாசி இரிக்கு. அதில செய்யலாம்."

"அப்ப இந்தப் பலகை?"

அதுதான் கேள்வி. பலகையை ஒரு சாக்கால் மூடி வைத்துவிடலாம். நல்லாயிருக்கு அப்பா என்று ஒரு பொய்யும் சொல்லலாம். ஆனால் நாளைக்கு மனிதர் முற்றத்தில் வந்து நின்று எட்டிப் பார்ப்பார், தன் பலகை ஒன்றுகூட உள்ளே இல்லை என்பதைக் காண்பார். அது, வாய் திறக்காமல் 'விளங்காது' என்ற அதே வார்த்தையை இன்னொரு தரம் சொல்வதாய் இருக்கும். உள்ளதைச் சொன்னாலோ, எட்டு மாதத்துக்குப் பிறகு அவராக எடுத்து வைத்த ஓர் எட்டு பிழை என்று முகத்துக்கு நேரே சொல்வதாக இருக்கும்.

கலாஜினிக்குப் பயமாக இருந்தது. பட்டறை குழம்பினால் குழம்பட்டும், இந்த முறை மனிதர் எழுந்து போனால் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்த பயம்.

வீட்டின் இடப்பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட தோணியின் நிழலில் இருந்து வேலப்போடி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மகள் வந்து நின்றதும் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"அப்பா."

"என்ன மகள்?"

எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். கலாஜினிக்குக் கண் நிரம்பிவிட்டது.

"பலகை கண்டன்."

"காஞ்சிட்டா?"

"நல்லாக் காஞ்சிட்டு. வடிவா அடிச்சிரிக்கீங்க."

"ரெண்டு பக்கமும் அடிச்சிரிக்கன்." இப்போது நிமிர்ந்தார். முகத்தில் ஒரு பெருமை. "ஒரு பக்கம் விட்டா அந்தப் பக்கத்தால தண்ணி குடிச்சு ஊதிப் போகும். ஓரத்துக்கு மூண்டு பூச்சு. இனி அது அஞ்சு வருசத்துக்குக் கிடக்கும்."

வாழ்நாளில் அவர் பெயின்ற் அடித்த பலகை எல்லாம் தண்ணீரில் போகிற பலகை. சுவரில் தொங்கப் போகும் பலகைக்கும் அதே கவனம்தான். இந்த அன்பின் மேல் எப்படிப் போய்ப் பிழை சொல்வது?

"அப்பா, ஒரு கரைச்சல் இரிக்கு. ஒருக்கா வந்து பாருங்க."

வேலப்போடி வலையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். மஞ்சள் கோடு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்த பலகையை அவள் காட்டினாள். "இதை நகத்தால கிளப்பிப் பாருங்க."

கிளப்பினார். வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், பிசைந்து பார்த்தார்.

"ஏன் இப்பிடி வருகுது?"

"என்ட பெயின்ற் தண்ணியில கரையிறது. உங்கட எண்ணெய்ப் பெயின்ற். பளபளப்பு எண்டாப் பிடிச்சு நிக்காது. நான்தான் முதல் சொல்லியிரிக்க வேணும். உங்களிட்ட நேர வந்து இன்னது வேணும் எண்டு சொல்லியிருந்தா இப்பிடி வந்திராது."

வேலப்போடி அந்த மஞ்சள் துண்டை மெதுவாகப் பலகையின் மேலேயே வைத்தார்.

"அப்ப இதுவும் எனக்கு விளங்காததுதானே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னார். கலாஜினி அழுதுவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"அண்டைக்கு நான் சொன்னது பிழை அப்பா. சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டன். தனிய வந்து பிழை எண்டு சொல்லக்கூட வெக்கப்பட்டன். ஒவ்வொரு நாளும் சோறு கட்டக்குள்ள நானே கொண்டுபோவம் எண்டு நினைப்பன். மறுகா அவர்ர கையிலேயே குடுத்திருவன்."

வேலப்போடி வாவியைப் பார்த்தபடி நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

"எத்தினை மணிக்கு வாறாங்க உன்ட ஆக்கள்?"

"காலம ஒன்பதுக்கு."

"அப்ப இரிந்து அழ நேரமில்ல." ஒதுங்கி நின்ற சிவதர்சன் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "மருமகன்! உள்ளுக்க தகரப் பெட்டிக்குள்ள சாண்ட் பேப்பர் கிடக்கு. எண்பது வேணாம், அது கிழிச்சிரும். நூத்திருபது எடுத்துக்கொண்டு வாங்க."

பிறகு மகளைப் பார்த்து, "பளபளப்புத்தானே கரைச்சல்? பளபளப்ப எடுத்து விடுவம். ஒரு பக்கம் காணுந்தானே?" என்றார்.

"காணும் அப்பா."

மூன்று பேரும் தோணி நிழலில் இருந்தார்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்து உரசினார்கள். நீலப் பால் வழிந்து மணலில் இறங்கியது. சிவதர்சன் வட்டம் வட்டமாய் உரச, மாமனார் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, "மரம் போற வாக்கில போங்க" என்றார்.

எட்டாவது பலகை முடிந்ததும் கலாஜினி, "காணும், மிச்சம் நாலும் அப்பிடியே கிடக்கட்டும்" என்றாள்.

வேலப்போடிக்குச் சந்தேகம். "எனக்காகச் சொல்லாத."

"இல்லப்பா. பாருங்க." அவள் அந்த மஞ்சள் துண்டை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். "இந்த நாலிலயும் பெயின்ற் ஊத்திக் காய விட்டா இப்பிடி ஆடை ஆடையாக் கிளப்பலாம். கத்தரிக்கோலால வெட்டி மற்றப் பலகையில ஒட்டலாம். இப்பிடிச் செய்யிற ஆக்கள் கண்ணாடித் துண்டு தேடி வாங்குவாங்க. இது கண்ணாடிய விட நல்லாக் கிளம்புது. உரசின எட்டுப் பலகையும் ஒட்டுறதுக்கு, உரசாத நாலும் ஊத்துறதுக்கு. மூண்டு பேருக்கு ஒண்டு."

அவர் யோசித்தார். "அப்ப நாலு பலகை பழுதில்ல."

"நாலும் பழுதில்ல."

"பன்னிரண்டுக்கு நாலு" என்றார் வேலப்போடி, சிவதர்சனைப் பார்த்து. ஒரு நாள் மீன்பாடு பரவாயில்லை என்று சொல்கிற அதே குரல்.

"எட்டுப் பலகை, பன்னிரண்டு பேருக்கு எப்பிடிக் காணும்?" என்று கேட்டான் சிவதர்சன்.

"தடிச்ச கடதாசி எடுத்து நாலு பேருக்குக் குடுப்பன். முதல் ஆருக்கு எது வேணும் எண்டு கேட்டுட்டுத்தான்."

வெள்ளை பிரைமர் இரண்டு பூச்சுப் போட்டுக் காய்ந்து முடிய ஐந்தரை ஆயிற்று. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். நின்றது. வேலப்போடியும் ஒருக்கால் சுரண்டினார், நம்பிக்கையில்லாமல் இன்னொருக்கால் சுரண்டினார்.

பலகைகளை ஹோலுக்குள் கொண்டுபோக வேண்டும். கலாஜினி நாலைத் தூக்கினாள், சிவதர்சன் நாலு. மிச்ச நாலு நீலப் பலகையையும் வேலப்போடி தூக்கிக்கொண்டார். மூன்று பேரும் இருபது எட்டு நடந்தார்கள்.

வாசற்படியில் அவர் நின்றுவிட்டார்.

வாங்க அப்பா என்று சொல்லக் கலாஜினிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அவர் கட்டிய வீட்டுக்குள் அவரையே வாங்க என்று கூப்பிட்டால், வந்த விருந்தாளி மாதிரி ஆகிவிடுமே என்று தோன்றியது. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போனாள்.

வேலப்போடி தன் காலைப் பார்த்தார். முழங்கால் வரை நீலச் சேறு. பலகையைப் படியில் சாத்திவிட்டு முற்றத்துப் பைப்படிக்குப் போய்க் கால் கழுவினார். கையும் கழுவினார். பெருவிரல் நீலம் மட்டும் போகவில்லை. வந்து பலகையைத் தூக்கிக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

ஹோலில் தயிர்ச் சட்டிகள், உமிப் பைகள், லேஸ் துண்டுகள், முறிந்த சீப்புகள், வலைத் துண்டுகள். எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் பலகையைச் சாத்தப் போனவரின் கண், சுவரைப் பார்த்து நின்ற படத்தில் பட்டது.

"அதுதானே இது?"

"ஓம் அப்பா."

"ஏன் திருப்பி வெச்சிரிக்காய்?"

"பாக்க ஏலாம."

அவரே திருப்பினார். ஜன்னலால் வந்த பின்னேர வெளிச்சம் நேராய் அதில் விழுந்தது. வாவி, சாம்பல் வானம், தூரத்தில் நீலக் கீற்று. வேலப்போடி குனிந்தார். பெருவிரலைக் கொண்டுபோய் அந்தக் கீற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே நீலம்.

"இது என்ட தோணி."

"ஓம்."

"கரையில இருந்து பாத்தாத்தான் இவ்வளவு சின்னதாத் தெரியும்."

"ஓம் அப்பா."

"அப்ப அவ..."

"அவ கரையில நிண்டு பாக்கிறா" என்றாள் கலாஜினி. "அவ பாக்கிறதத்தான் கீறினன். இப்ப நீங்க நிக்கிற இடத்திலதான் அவ நிக்கிறா. அண்டைக்கே இதைச் சொல்லியிரிக்க வேணும். சொல்ல எனக்குத் தெரியல்ல."

வேலப்போடி, நின்ற இடத்தை விட்டு ஓர் எட்டு விலகினார்.

சிவதர்சன் சத்தமில்லாமல் வெளியே போய் ஓட்டோவைத் துடைக்கத் தொடங்கினான். அது காலையில் துடைத்த ஓட்டோதான்.

வேலப்போடி சால்வையால் முகத்தைத் துடைத்தார். படத்தை ஒருக்கால் கிட்டப் போய்ப் பார்த்தார், ஒருக்கால் தள்ளி நின்று பார்த்தார். பிறகு சுவரோரம் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"எல்லாம் சரி. ஆனா இதில ஒரு பிழை கிடக்கு, மகள்."

"பிழையா?" கலாஜினி படத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "என்ன பிழை அப்பா?"

"இப்ப சொல்ல மாட்டன். உன்ட ஆக்கள் எல்லாரும் வரட்டும். அதுக்குள்ள நீயே கண்டுபிடிக்கிறியா எண்டு பாப்பம்." காலை நீட்டிக்கொண்டார். "மத்தியானச் சோறு கிடக்கா? இஞ்சயே போடு, பசிக்குது."

கலாஜினி குசினிக்குள் போய்ச் சோற்றைப் போட்டாள். நெத்தலிப் பொரியலை அள்ளி வைத்தாள். சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அவர் முன்னால் நிற்க முடியாமல் பின்பக்கத்துக்குப் போனாள். பன்னிரண்டு பேருக்குச் சாமான் கட்டி வைத்திருந்தவள், பதின்மூன்றாவதாய் ஒரு தயிர்ச் சட்டியை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.